பத்துப் பவுன்

"ஒரு பைசா வாங்கினதில்லை." என் அத்தையைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. பல வருடங்களாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணியானால் அத்தை வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். சிலேட்டுக் குச்சி கீறும் சத்தம், கொசுவுக்குப் போட்ட வேப்பிலைப் புகை, உள்ளே கொதித்து அடங்கும் உலையின் வாசனை, நடுவில் அத்தையின் குரல். கணக்கும் இங்கிலீஷும் அப்படி முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தாள். அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்களின் குரலில் இருப்பது நிஜமான மரியாதைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மரியாதை அவள் சொல்லிக்கொடுத்த கணக்குக்கா, அதற்குக் கூலி வாங்காமல் இருந்ததற்கா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வாங்கியிருந்தால் டியூஷன் எடுத்த அம்மா என்று நினைவு வைத்திருப்போம். அதுவும் கொஞ்ச நாளைக்கு. சொல்லிக்கொடுத்தது அதே கணக்கு, அதே திண்ணை, அதே முப்பது வருடம். கை நீண்டதா மடங்கியதா என்பதைக் கொண்டு மட்டும் ஒருத்தியை அறத்தின் பக்கமோ பிழைப்பின் பக்கமோ எழுதிவிடுகிறோமே என்று தோன்றும். இந்த உறுத்தலோடுதான் போன மழைக்காலத்தில் 'சத்திய சோதனை'யைத் திரும்ப எடுத்தேன். காந்தி தன் ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கும் சில பத்திகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்தப் பெண் சோன்யா ஷ்லெசின். லிதுவேனிய வேர்கள் கொண்ட யூதக் குடும்பம். 1888-இல் மாஸ்கோவில் பிறந்தவர். அவருக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே, 1891-இல், மாஸ்கோவிலிருந்து யூதர்களை வெளியேற்றும் உத்தரவு வந்தது. குழந்தையாகவே தென்னாப்பிரிக்கா வந்து சேர்ந்தார். ரஷ்யப் பேரரசில் அன்று யூதர்கள் எங்கே குடியிருக்கலாம், எங்கே கூடாது என்று நிலத்தில் கோடு போட்டு வைத்திருந்தார்கள்; காகிதத்தில் முத்திரை இல்லையென்றால் ஒரு ஊரில் இரவு தங்க முடியாது. பதினைந்து பதினாறு வருடங்களுக்குப் பிறகு டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் பத்து விரல் ரேகையும் பதித்துப் பதிவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று 1907-இல் சட்டம் வந்தபோது, அதை எதிர்த்தவர்களின் அலுவலகத்தில் தட்டச்சுப் பொறியின் முன்னால் அமர்ந்திருந்தார் இந்தப் பெண். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட எனக்கு ஆசைதான். கை ஏனோ தயங்குகிறது. அதே காலத்தில் அதே துறைமுகங்களில் ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்கள் வந்து இறங்கின. அடிபட்ட நினைவு அவர்கள் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் வந்த இடத்தில் கோடு வேறு விதமாகப் போடப்பட்டிருந்தது. அதில் அவர்கள் வெள்ளையர் பக்கம் நின்றார்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்திலேயே நின்று கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. பட்ட துன்பம் தானாக அடுத்தவர் துன்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்ப மட்டும் முடியவில்லை. போலக், காலன்பாக், ரிட்ச் என்று காந்தியின் வெள்ளை நண்பர்களில் யூதர்கள் பலர் இருந்ததும், அந்த ஊரின் யூதர்களில் அவர்கள் வெகு சிலரே என்பதும் ஒருசேர உண்மை.

காலன்பாக்தான் ஷ்லெசினை அழைத்து வந்தவர். அந்தப் பெண்ணின் தாய் அவளைத் தன் பொறுப்பில் விட்டிருப்பதாகவும், கெட்டிக்காரி, நேர்மையானவள், ஆனால் குறும்பும் முன்கோபமும் உண்டு, அடக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். வயது பதினேழு. சுருக்கெழுத்து தெரியும். ரிஸிக் தெருவும் ஆண்டர்சன் தெருவும் சந்திக்கும் மூலையில் அலுவலகம். தங்கச் சுரங்கத்திலிருந்து வெட்டி அரைத்துக் கொட்டிய மணல் வெளிர் மஞ்சள் குன்றுகளாக ஊரைச் சுற்றி நிற்கும். காற்றடித்தால் அந்தப் பொடி ஜன்னல் இடுக்கு வழியாக வந்து காகிதக் கட்டுகளின்மேல் படியும் என்று ஊகித்துக்கொள்கிறேன். அந்த அலுவலகப் புகைப்படம் ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். கோட்டு போட்ட காந்தி நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் டையுமாக ஒரு இளம்பெண் இருக்கிறாள். அந்த முகத்தில் பணிவைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எதிரே நிற்பவர் எத்தனை பெரியவரானாலும் தனக்குத் தோன்றியதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார் என்று காந்தியே எழுதுகிறார். தொண்டு செய்யும் பெண் என்றதும் நம் மனதில் எழும் படத்துக்கும் இந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. குனிந்த தலை, மெல்லிய குரல், கையில் தட்டு. இவரிடம் இதில் ஒன்றும் கிடையாது.

சம்பளத்துக்கு வருகிறேன். ஆறு பவுனில் தொடங்கியிருக்கிறார். அதற்கு மேல் ஏற்றித் தர முயன்றபோதெல்லாம் மறுத்து, மாதம் பத்துப் பவுனைத் தாண்டி வாங்குவதே இல்லை என்று நின்றிருக்கிறார். வற்புறுத்தினால் காந்திக்குத் திட்டு விழுமாம். சம்பளத்துக்காக இங்கே இல்லை, இந்த வேலையும் உங்கள் கொள்கையும் பிடித்திருப்பதால் இருக்கிறேன் என்பது அவர் தரப்பு. (பவுன் என்றால் நமக்குக் கழுத்தில் தொங்குவது; அன்று அங்கே அது புழங்கிய காசு.) இந்த இடத்தில் காந்தியின் குரல் கனிந்துவிடுகிறது. அந்தக் கனிவைப் படிக்கும்போது என் அத்தையைப் பற்றிச் சொல்கிறவர்களின் குரல் எனக்குக் கேட்டது. கூடவே வேறொரு கணக்கும் மனதில் ஓடியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழனுக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். ஷ்லெசின் போதும் என்று நிறுத்திக்கொண்ட பத்துப் பவுன், அந்தக் கூலிக்கு இருபது மாத உழைப்பு. ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக வாழ நினைத்தவன் வருடம்தோறும் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுன் தலைவரி அவனுடைய ஆறு மாதச் சம்பளம். இதைச் சொல்வதால் ஷ்லெசினின் மறுப்பு சிறுத்துவிடும் என்று நான் எண்ணவில்லை. மறுப்பதற்கும் முதலில் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஏதாவது இருக்க வேண்டும். பத்து ஷில்லிங்காரன் எதை மறுப்பான்? அவனுடைய இல்லாமைக்குத் தியாகம் என்ற பெயர் கிடைப்பதில்லை.

தொண்டு என்ற நம் சொல்லையே கொஞ்சம் தடவிப் பார்க்கலாம். பழைய வழக்கில் அதற்கு அடிமைத்தனம் என்ற பொருளும் உண்டு. தொண்டன் என்றால் அடியான். இறைவனுக்கு அடிமைப்பட்டவர்கள் அந்தச் சொல்லைப் பெருமையாகச் சூடிக்கொண்டதில் அது ஒளி பெற்றது. ஆனாலும் அடியில் அந்தப் பழைய கறை இருக்கிறது. யாருக்கோ கீழே நின்று செய்வது என்ற கறை. ஷ்லெசின் பிறந்த மரபில் இதற்கு ஈடாகப் புழங்கும் எபிரேயச் சொல் த்ஸெதாக்கா. அதன் வேர் நீதியைக் குறிக்கிறது. கொடுப்பவரின் இரக்கத்தை அந்தச் சொல் கணக்கில் எடுப்பதே இல்லை. வரவேண்டியவருக்கு வரவேண்டியது போய்ச் சேர்கிறது, அவ்வளவே. தர்மத்தில் உண்டு வாழும் ஏழையும் தன் பங்குக்குத் தர்மம் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். முதலில் இதைப் படித்தபோது கடுமையாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது, கொடுக்கும் இடத்தில் நிற்கும் கௌரவத்தை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது என்ற கவலை அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக அடுக்கினார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருப்பது மேலிருந்து இரண்டாவது. அதற்கும் மேலே, உச்சியில், தாழ்ந்துபோன ஒருவருக்குக் கொடையோ கடனோ தந்து, தொழிலில் கூட்டுச் சேர்த்து, இல்லையென்றால் வேலை ஒன்று தேடித் தந்து, அவர் இனி யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்கும்படி செய்வது. தர்மத்தின் உச்சிப்படியில் சம்பளமுள்ள ஒரு வேலை உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மைமோனிடிஸும் ஊர் விட்டு ஊர் வந்தவர்தான். கொர்தோபாவில் பிறந்து, துரத்தப்பட்டு, அலைந்து, கெய்ரோவில் குடியேறியவர். வேதம் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்கக் கூடாது என்பதில் மிகப் பிடிவாதமாக இருந்தார். அவரால் அப்படி இருக்க முடிந்ததற்கு ஒரு காரணம் அவருடைய தம்பி தாவீது. தம்பி கடல் வாணிபம் செய்தார், அண்ணன் படித்தார், எழுதினார். ஒரு பயணத்தில் இந்தியப் பெருங்கடலில் தம்பி மூழ்கிப்போனார். சொந்தப் பணமும் அடுத்தவர் பணமும் சேர்ந்து மூழ்கியது. அண்ணன் ஒரு வருடம் படுக்கையில் கிடந்துவிட்டு எழுந்து, வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். நம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலை நினைக்கும்போதெல்லாம், கூலி வாங்காத ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் பின்னால் எங்கோ ஒருவர் கூலிக்கு உழைத்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அத்தை பைசா வாங்காமல் இருந்ததற்குப் பின்னால் மாமாவின் மில் சம்பளம் இருந்தது. அந்த மனிதர் பேரை யாரும் சொல்வதில்லை.

ஷ்லெசினுக்குப் பின்னால் அப்படி ஆளில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தன் பத்துப் பவுனில் தானே வாழ்ந்தார். ஒரு சமயம் காந்தியிடம் நாற்பது பவுன் வாங்க வேண்டி வந்திருக்கிறது. கடனாகத் தந்தால்தான் வாங்குவேன் என்று நின்று வாங்கினார். காந்தி இந்தியா திரும்பிப் பல வருடங்கள் கழித்து, முழுத் தொகையும் அவருக்கு வந்து சேர்ந்தது. இந்த இடத்தில்தான் என் உறுத்தல் லேசாகத் திசை மாறியது. அதிகச் சம்பளத்தை மறுத்ததையும், கொடையை மறுத்துக் கடனாக வாங்கியதையும் காந்தி ஒரே குணத்தின் இரண்டு அடையாளங்களாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆசையின்மை என்ற குணம். எனக்கு அது வேறாகப் படுகிறது. ஆசையற்றவர் கணக்கை மறந்துவிடுவார். இவர் மறக்கவில்லை. நாற்பது பவுனை நெஞ்சில் வைத்திருந்து எண்ணித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தான் யாருக்கும் கீழே இல்லை என்பதைப் பணத்தின் மொழியிலேயே எழுதிக் காட்டியிருக்கிறார். எஜமானிடம் அதிகம் வாங்கினால் வேலைக்காரி. அளவாக வாங்கிக்கொண்டு உடன் நின்றால் தோழர். அந்தப் பத்துப் பவுன் கோடு அவர் தனக்காகப் போட்டுக்கொண்டது என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. நாம் அதைத் தியாகம் என்ற உறையில் போட்டு ஒட்டிவிட்டோம்.

அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பதற்கு ஆதாரம் நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. 1909-இல் அட்டர்னி ஆவதற்கான பயிற்சிக்கு, காந்தியின் அலுவலகத்திலேயே, முறைப்படி பதிந்துகொள்ள முயன்றார். டிரான்ஸ்வால் சட்டச் சங்கம் எதிர்த்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பெண்ணுக்கு அந்தத் தொழிலில் இடமில்லை என்று தீர்ப்பு. அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. காந்தியின் அலுவலகத்தில் மனுக்கள் எழுதிக்கொண்டிருந்தவர், அரசுக்குப் போகும் கடிதங்களை அடித்தவர், சத்தியாக்கிரகிகளின் வழக்குகளை ஒவ்வொன்றாக அறிந்தவர். சட்ட வேலை எல்லாவற்றையும் செய்யலாம், வக்கீல் என்ற பெயரும் அதற்குரிய கட்டணமும் மட்டும் கிடையாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னதாகத்தான் எனக்குப் படுகிறது. அதன் பிறகும் அவர் அதே மேஜைக்குத் திரும்பி அதே வேலையைத்தான் செய்தார். கூலி கேட்கும் கதவு சாத்தப்பட்ட பிறகு ஒரு பெண் செய்வதை எல்லாம் சேவை என்று அழைத்துவிடுவது எத்தனை சுலபமாக இருக்கிறது.

அந்த வேலையின் பெரும்பகுதி தமிழர்களுக்காக. ஜோகன்னஸ்பர்க்கில் தலையில் கூடை சுமந்து காய்கறியும் பழமும் விற்ற தமிழர்கள்தாம் திரும்பத் திரும்பச் சிறை சென்றார்கள். தமிழர் சங்கத்துக்குத் தம்பி நாயுடு தலைவர். கணவன் சிறைக்குப் போனால் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். யாருக்கு எவ்வளவு, எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், யாருடைய உரிமத்தைப் பிடுங்கினார்கள், எவர் எந்தத் தேதியில் விடுதலை என்ற நூறு விவரங்களை யாராவது ஒரு ஆள் தலையில் வைத்திருந்தாக வேண்டும். டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கத்துக்கு ஷ்லெசின் கௌரவச் செயலாளர். கௌரவம் என்பதற்கு நம் ஊரிலும் அங்கேயும் ஊதியமில்லை என்றே பொருள். 1913-இல் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த பெண்கள் பதினொரு பேர், அவர்களில் பத்துப் பேர் தமிழர், ஆறு பேர் கைக்குழந்தைக்காரிகள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய் வேலையை நிறுத்தச் சொன்னார்கள், தொழிலாளரும் நிறுத்தினார்கள். பெண்களுக்கு மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதக் கடுங்காவல். காந்தி தரும் பட்டியலில் இவர்களில் பெரும்பாலோர் தம்பி நாயுடுவின் மனைவி, முருகேச பிள்ளையின் மனைவி, சின்னசாமி பிள்ளையின் மனைவி என்றே வருகிறார்கள். அடுத்து அதே சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோன பதினாறு வயது வள்ளியம்மையை, கல்யாணம் ஆகாதவள் என்பதால் அவளுடைய சொந்தப் பேரிலேயே நினைவு வைத்திருக்கிறோம். அதே தலைமுறையைச் சேர்ந்த இன்னொரு கல்யாணமாகாத பெண் சிறைக்கு வெளியே தட்டச்சுப் பொறியில் குனிந்திருந்தாள்.

வெளியே என்ற இடம்தான் என்னைத் தடுமாற வைக்கிறது. அந்த இயக்கத்தில் சிறை ஒரு பட்டம் மாதிரி ஆகியிருந்தது. எத்தனை முறை போனார் என்பதை வைத்து ஒருவரை அளந்தார்கள். 1913-இன் கடைசியில் காந்தி, போலக், காலன்பாக் மூவரும் உள்ளே. தலைவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் சிறையில் இருந்த நாட்களில் தனியாக நின்று இயக்கத்தை நடத்தியவர் ஷ்லெசின். ஆயிரக்கணக்கான ஆட்கள், மலைபோல் கடிதங்கள், 'இந்தியன் ஒப்பினியன்' பத்திரிகை எல்லாம் அவர் கையில். களைத்துப் பார்த்ததில்லை என்று காந்தி சொல்கிறார். அதற்கு முன்பே வந்திருந்த இந்தியத் தலைவர் கோகலே எல்லாரையும் பார்த்துவிட்டு, இந்தியர் ஐரோப்பியர் அத்தனை பேரிலும் முதலிடம் அந்தப் பெண்ணுக்கே என்றார். களைப்பே இல்லை என்பதை நான் நம்பவில்லை. இருபத்தைந்து வயதுக்காரிக்கு இரவு பதினோரு மணிக்கு விரல் வலிக்கும், கண் எரியும். களைப்பைக் காட்டாத பெண்ணைக் களைப்பில்லாதவள் என்று எழுதிவிடுவது அன்பினால்தான்; ஆனாலும் அந்த அன்பு அவருடைய உடம்பைப் பார்க்கவில்லை. சிறைக்குப் போனவருக்குத் தேதி உண்டு, எண் உண்டு, மாலை உண்டு. கடிதத்தை உறையிலிட்டு நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டியதற்குத் தேதி ஏது? இன்னொன்றையும் விடாமல் சொல்ல வேண்டும். அந்த மேஜையின் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் குன்றுகளின் அடியில் தங்கம் தோண்டிய கறுப்பின மனிதர்கள் அந்தக் கடிதங்களில் அநேகமாக இல்லை. நீதியை வேராகக் கொண்ட சொல்லுக்கும் அன்று ஒரு வேலி இருந்தது. அந்த வேலியை அவர் ஒருவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை. எல்லோருடைய கண்ணும் அதற்கு உள்ளேயே நின்றிருந்தது.

1914 ஜூலையில் காந்தி கப்பலேறிவிட்டார். கதையும் கப்பலேறிவிட்டது. அப்போது ஷ்லெசினுக்கு இருபத்தாறு வயது. அதற்குப் பின் நாற்பத்தொரு வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். படித்துப் பட்டம் வாங்கி, க்ரூகர்ஸ்டார்ப் பள்ளியில் நெடுங்காலம் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். சம்பளத்துக்குத்தான். அந்த வருடங்களை யாரும் தொண்டு என்று சொல்வதில்லை. வேற்றுமை உருபுகளை அறுபது பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தவர், மாலை வெயிலில் சுண்ணக்கட்டிப் பொடி படிந்த கையைத் தட்டிக்கொண்டு நடந்து வீடு திரும்பியவர் முன்னவரைவிட எந்த விதத்தில் குறைந்தவர் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. அத்தையிடம் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்: யாராவது மாதம் இவ்வளவு என்று நீட்டியிருந்தால் வாங்கியிருப்பாயா என்று. நாங்கள் யாரும் நீட்டவில்லை. நீட்டாத கையையும் வாங்காத கையையும் ஒன்றாக்கி ஒரு வாக்கியம் செய்துகொண்டோம்.

பெண்கள் சட்டத் தொழிலுக்கு வரலாம் என்று தென்னாப்பிரிக்காவில் சட்டம் ஆனது 1923-இல். ஷ்லெசினுக்கு அப்போது முப்பத்தைந்தை ஒட்டிய வயது. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அறுபதைக் கடந்த வயதில், சட்டம் படிப்பதற்காக ஜோகன்னஸ்பர்க்கை விட்டு நேட்டாலுக்குப் போனார். படிப்பு நிறைவேறவில்லை, 1956 ஜனவரியில் இறந்தார். நரைத்த தலையோடு, பேரப்பிள்ளைகள் வயதுப் பையன்களுக்கு நடுவே, ஒரு பெஞ்சின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். சுருக்கெழுத்து இன்னும் கையில் இருந்திருக்கும். விரிவுரையாளர் சொல்லச் சொல்ல அந்தப் பழைய கோடுகளும் புள்ளிகளும் வேகமாக நோட்டில் விழுகின்றன, இந்த முறை தனக்காக.